ஒன்பது வாழ்த்துரைகளும் கடைசிப் படகும்

ஹுலோபன் தீவுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று படகு. இன்னொன்று ஜலசந்திக் கடப்பு ஒருங்கிணைப்பு ஆணையத்தின் வெப்சைட். படகில் ஏறியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடுவார்கள். வெப்சைட்டில் ஏறியவர்கள் யாரும் இதுவரை கரை சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

ஆணையத்துக்குச் சொந்தமாக ஒரு துடுப்புகூடக் கிடையாது. படகு ஓட்டுவது வியாபாரிகள். அலையைப் பார்த்துக் கிளம்பு, நில் என்று சொல்வது கடலோரக் காவல்படை. ஆணையத்தின் வேலை ஒருங்கிணைப்பது. எதை எதோடு ஒருங்கிணைக்கிறீர்கள் என்று சான் ப்ருடென்சியோ நகரத்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டார். பதில் தயாரிக்க உடனே ஒரு துணைக்குழு போட்டார்கள். அந்தப் பதில் இன்றைக்கும் ஒருங்கிணைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவன் கிரிசாந்தோ லுமாபாஸ். சாந்தோ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். ஆறு மாத ஒப்பந்தக்காரன். ஜூனில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை அவன் பிழைப்பு நீட்டிக்கப்படும், அல்லது மறக்கப்படும். அதனால் ஆபீசில் அவன் நடப்பதுகூட ஓரமாகத்தான்.

அந்த வெப்சைட் ஃபிரேம்களால் ஆனது. ஃபிரேம் என்பது வேறொன்றுமில்லை. திரையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு தனிப் பக்கத்தைக் குடிவைத்து, ஓரத்தில் ஒரு ஸ்க்ரோல் பட்டையும் கொடுப்பது. உலகம் முழுக்க இந்தப் பழக்கத்தை எப்போதோ தலைமுழுகிவிட்டார்கள். எங்கள் மாகாணத்தில் தலைமுழுக முடியவில்லை. இங்கே ஆம்புலன்ஸ், குப்பை லாரி, பள்ளிக்கூடப் பை, நிவாரண அரிசி மூட்டை எல்லாவற்றிலும் யாராவது ஒரு மாண்புமிகு சிரித்துக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் வெப்சைட்டில் மூன்றே ஃபிரேம்கள். மேலே சேர்மன் படம், பக்கத்தில் பட்டியல், நடுவில் படகு நேரம். சேர்மனுக்குத் தனிப் பாத்தி இருப்பதை மற்ற எட்டு உறுப்பினர்களும் பார்த்தார்கள். அதோடு படகு நேரத்தின் நல்லகாலம் முடிந்தது.

ஆளுக்கொரு ஃபிரேம் வந்தது. ஃபிரேமுக்குள் ஒரு முகம், முகத்துக்குக் கீழே ஒரு வாழ்த்துரை. பிறகு ஒரு நாள் யாரோ ஒரு பாவி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான்: ஸ்க்ரோல் பட்டைக்குள் மேலும் கீழும் நகர்கிறதே ஒரு கட்டை, அது உரை நீள நீளச் சிறுத்துக்கொண்டே போகும். அன்றிலிருந்து ஆணையத்தில் கௌரவம் என்பது கட்டையின் அளவில் வந்து நின்றது. யாருக்குக் கட்டை சின்னதோ அவர் பெரிய மனிதர். உரைக்குக் கீழே வெற்று வரிகளைத் தட்டித் தட்டிக் கட்டையை இளைக்கவைப்பதே சாந்தோவின் வாராந்திர வேலை ஆனது. சேர்மன் மாண்புமிகு சத்துர்னினோ பால்தோவினோவின் கட்டை கடைசியில் ஒரு எள்ளளவுக்கு வந்துவிட்டது. மௌஸால் அதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஊசியில் நூல் கோக்கிற கண்பார்வை வேண்டும்.

படகு நேரம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒடுங்கி வலது மூலையில் கிடந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் அப்படி. போனில் பார்த்தால் சேர்மனின் வலது காது மட்டும் தெரியும்.

சாந்தோவின் மாமனார் தத்தாய் அபுண்டியோ ஹுலோபன் தீவில் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் இந்தக் கரைக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்ப வேண்டும். எங்களோடு வந்து இருங்கள் என்று மகள் லூமெங் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். கிழவர் தன் ஏழு சண்டைச் சேவல்களையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றார். வாடகை வீட்டுக்காரி அதற்குச் சம்மதிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காற்று எழும்பிப் படகு ரத்தாகிவிட்டது. அது தெரியாமல் கிழவர் மூன்று சக்கர வண்டியில் துறைக்கு வந்து வெயிலில் சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனார். அவரைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு நோயாளிகள். வெள்ளிக்கிழமையும் அதே கதை. சனிக்கிழமை அவரை மூன்று பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் இரண்டும் பனங்கட்டை போல வீங்கி, மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை இப்படித் தவறவிட்டால் பாதிரியாரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்று நர்ஸ் லூமெங்கிடம் சொன்னாள்.

சாந்தோ போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னான். மாமனார் நம்பவில்லை. அதற்கு முந்தின மாதம் படகு உண்டு என்று சொல்லி, பத்து நிமிஷத்தில் காவல்படை மாற்றிவிட்டதில் அவன் வார்த்தைக்கு மதிப்பு போய்விட்டது.

"நீ சொல்றத எவன் கேப்பான், தோங்," என்றார் கிழவர் கட்டிலில் படுத்தபடி. மாப்பிள்ளையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஆணையம் சொல்லட்டும். சேர்மன் சொல்லட்டும். நான் ஓட்டுப் போட்டது அவருக்கு, உனக்கில்ல."

அன்று மத்தியானமே சாந்தோ உட்கார்ந்து ஃபிரேம்களைத் தூக்கிவிட்டான். பிரமாதமான வித்தை ஒன்றுமில்லை. ஒன்பது பக்கங்களைக் குடிவைத்த இடத்தில் ஒரே பக்கம். அதில் ஒன்பது கட்டங்கள். சி.எஸ்.எஸ். என்று ஒன்று இருக்கிறது, பக்கத்துக்கு அலங்கார விதி எழுதுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உன் உயரம் இவ்வளவு, எழுத்து அதைத் தாண்டி வழிந்தால் உனக்குள்ளேயே உருண்டுகொள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தைத் தொந்தரவு செய்யாமல் தனியாக ஸ்க்ரோல் ஆகும். கம்ப்யூட்டரில் பார்த்தால் பழசு போலவே இருக்கும். போனில் பார்த்தால் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். படகு நேரத்தைப் பத்தாவது கட்டமாகச் செய்து அதை முதலில் வைத்தான்.

சத்தமில்லாமல் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. மரியாதைக்காக ஆணையச் செயலாளர் அட்டர்னி விவென்சியாவிடம் காட்டினான்.

"பழசு மாதிரியேதானே இருக்கு?"

"ஆமா மேடம். பாக்குறதுக்கு ஒண்ணும் மாறல."

"அப்பறம் எதுக்குப் பண்ண?"

"போன்ல தெரியும் மேடம். படகு நேரம் மேலயே வரும்."

"யார் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். இன்னிக்கு ஒரு மத்தியானத்துல..."

"ஒரு மத்தியானத்துலயா?"

அட்டர்னியின் முகம் வெளுத்துவிட்டது. ஆணையத்தில் எந்த வேலையும் ஒரு மத்தியானத்தில் முடிந்ததாக வரலாறு இல்லை. ஒன்று அப்படி முடிந்துவிட்டால் மற்ற மத்தியானங்களைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா? கதவைச் சாத்திவிட்டு, இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். அடுத்த வாரமே ஃபிரேம் நீக்கத் தொழில்நுட்பப் பணிக்குழு பிறந்தது. அதில் சாந்தோவைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

பணிக்குழு முதல் காரியமாகக் கல்விச் சுற்றுலா போனது. வடக்கே குளிர்ந்த மலை மாகாணம் ஒன்றுக்கு. கடலும் இல்லாத, படகும் இல்லாத, வெப்சைட்டும் இல்லாத ஊர். திரும்பி வந்து கொடுத்த அறிக்கையில், மலைப்பாதைகள் மேலும் கீழுமாகச் செல்கின்றன, ஸ்க்ரோலும் மேலும் கீழுமாகவே செல்கிறது, ஆகவே பயணம் நேரடிப் பயன் உள்ளது என்று எழுதியிருந்தார்கள். அறிக்கையோடு ஆபீசில் ஆளுக்கொரு புட்டி ஸ்ட்ராபெரி ஜாம் வந்தது. சாந்தோவுக்கும் ஒன்று. மூடி சரியாக இறுகவில்லை.

அதன்பிறகு ஆணையத்தின் முழுக்கூட்டம் கூடியது. முதல் பிரச்சினை, போனில் யார் மேலே வருவது. பழைய வரிசையில் ஒன்பது பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் யாரும் யாருக்கும் கீழே என்று இல்லை. இப்போது அடுக்கியாக வேண்டும். அதிலும் படகு நேரம் எல்லோர் தலைக்கும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. சேர்மன் பால்தோவினோ மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எதிரே ஆறடி தூரத்தில்தான் எல்லோரும் இருந்தார்கள். இருந்தாலும் மைக் இல்லாமல் அவருக்குக் கருத்து வராது.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார். "படகு நேரம் படகு நேரம்னு சொல்றீங்களே, அது எந்த எலெக்‌ஷன்ல நின்னுச்சு? எத்தனை ஓட்டு வாங்குச்சு? நான் நாப்பதாயிரம் ஓட்டு வாங்கினவன். என்னைத் தாண்டி ஒரு படகு முன்னால போகணும்னா, அப்பறம் மக்கள் தீர்ப்புக்கு என்ன மரியாதை? நான் படகுக்கு எதிரியில்ல. ஜனங்க என்னைப் பாத்துட்டுப் படகுக்குப் போகட்டும்னுதான் சொல்றேன்."

பலத்த கைதட்டல். வாங்கிய ஓட்டு எண்ணிக்கைப்படி கட்டங்களை அடுக்குவது, ஓட்டு எதுவும் வாங்காத படகு நேரத்தைக் கடைசியில் வைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. சேர்மனின் கட்டம் போன் திரையை முழுதாக நிரப்பும் உயரத்தில் இருக்கும் என்று ஒரு திருத்தமும் சேர்த்தார்கள்.

இரண்டாவது பிரச்சினையை எஞ்சினியர் குவாட்ராடோவும் டாக்டர் ஹெர்மோவும் கிளப்பினார்கள். டாக்டர் என்றால் மாட்டு டாக்டர். எப்போதோ ஒரு திருவிழாவில் இவர் சேவல் அவர் சேவலைக் கொன்றதிலிருந்து இருவருக்கும் ஆகாது. கட்டத்துக்குள் விரலை வைத்து உருட்டினால் அந்தக் கட்டம் அடிவரைக்கும் உருண்டு, அதற்குப் பிறகுதான் பக்கம் நகர்ந்து அடுத்தது வரும். அதுதான் இயல்பு. ஓட்டுக் கணக்கில் எஞ்சினியருக்கு அடுத்த கட்டம் டாக்டருடையதாக அமைந்துபோயிற்று.

"என் உரை முடிஞ்சதும் விரல் வழுக்கி நேரா அந்த மாட்டு வைத்தியன் மூஞ்சில போய் நிக்குது," என்றார் எஞ்சினியர். "நான் ஆள் சேத்து அவனுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கணுமா?"

"அனுப்பினா மட்டும்? உங்க பேச்சுல பாதி செத்து வர்றவனுக்கு நான் ஊசியில்ல போடணும்," என்றார் டாக்டர்.

ஒருவர் கட்டத்திலிருந்து விரல் அடுத்தவர் கட்டத்துக்கு வழுக்காமல் பூட்ட முடியுமா என்று அட்டர்னி விவென்சியா கேட்டார். கதவோரம் நின்ற சாந்தோ அந்த நேரத்தில் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடும் கெட்ட பழக்கம் அவனுக்கு. அதற்கும் ஒரு வரி இருக்கிறது மேடம் என்று சொல்லித் தொலைத்தான். ஒன்பது பேரும் முதல் தடவையாக ஒருமனதாகக் கை தூக்கினார்கள்.

ஆக, கணக்கு இப்படி முடிந்தது. போனில் வெப்சைட்டைத் திறந்தால் திரை முழுக்கச் சேர்மன். விரல் வைத்தால் சேர்மன் உருளுவார். அடிவரை உருட்டினாலும் அங்கேயே நிற்பார், பக்கம் நகராது. உள்ளே போனவன் சேர்மனோடு வாழ்ந்து சேர்மனோடு சாகவேண்டியதுதான். அவருக்கும் கீழே எட்டு மாண்புமிகுக்களுக்கு அப்பால், யாரும் எந்தக் காலத்திலும் பார்க்க முடியாத பாதாளத்தில் படகு நேரம் கிடந்தது. முன்பாவது காது தெரிந்தது.

மூன்றாவதாக, வெற்று வரிகள். புதுக் கட்டத்தில் அவை அசிங்கமாகத் தெரிகின்றன, ஜனங்கள் உரை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள் என்று ஒரு ஆட்சேபம். கட்டை பெருக்கவும் கூடாது. அட்டர்னி விவென்சியா சாந்தோவைத் தனியே கூப்பிட்டு, ஒன்பது உரைகளையும் ஆளுக்கு ஐம்பது பக்கத்துக்கு நீட்டச் சொன்னார்.

"எத வச்சு மேடம் நீட்டறது?"

"எதையாவது எழுதி நிரப்பு. யார் படிக்கப்போறாங்க?"

வீட்டில் லூமெங் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தவுடனே, இன்றைக்கு எந்தச் சேவல் கொத்தியது என்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் கரண்டியால் ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"படகு நேரத்த எழுது."

"அது கடைசியிலதான் வரணும்னு தீர்மானம் போட்டுட்டாங்க."

"படகு நேரத்தோட கட்டம்தானே கடைசியில வரணும்? அவங்க பேச்சுக்குள்ள என்ன வரணும்னு தீர்மானம் இருக்கா?"

 அவர்கள் படித்துவிட்டால் டிசம்பரில் தன் கதி என்ன என்றான் சாந்தோ.

"எங்கப்பா டிசம்பர் வரைக்கும் இருக்கணும்ல மொதல்ல," என்றாள் லூமெங். "அவங்க படிப்பாங்களாம். அந்தச் சேர்மன் பள்ளிக்கூடம் தொறக்க வந்தப்ப என்ன படிச்சாருன்னு மறந்துபோச்சா?"

மறக்கக்கூடியது இல்லை. அன்றைக்கு உதவியாளன் தவறுதலாகச் சமையல்காரனுடைய ரசீதைக் கையில் கொடுத்துவிட்டான். சேர்மன் ஒரு வரி விடாமல் வாசித்தார். "முழுப் பன்றி இரண்டு" என்ற இடத்தில் குரல் கம்மிவிட்டது. "பிளாஸ்டிக் தட்டு முந்நூறு" என்றபோது முன்வரிசை ஆசிரியைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எழுதறதுதான் எழுதற, மேலயே எழுது," என்றாள் லூமெங். "கண்ணாடி போட்டாலும் எங்கப்பாவுக்கு நாலாவது வரி படிக்கப் பொறுமை கிடையாது."

சாந்தோ அப்படியே செய்தான். காவல்படை தகவல் கொடுத்ததும் ஆபீசில் தட்டச்சு செய்யும் ஜோவிதா ஒரே இடத்தில் தட்டினால் போதும். ஒன்பது உரைகளின் தலையிலும் அது தானாக மாறும்படி அமைத்தான். மீதி ஐம்பது பக்கங்களுக்குப் படகு விவரம், அலை விவரம், துறையில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பது எல்லாம் போட்டான். தொடக்க விழாவில் எப்படியும் பட்டனை அமுக்கிப் படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள் என்பது அவன் நம்பிக்கை.

விழா நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஹுலோபன் தீவின் கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில். மக்களைத் தேடிப் போகும் ஆணையம் அல்லவா! அதற்காகத் தீவிலிருந்து காலை ஆறு மணிக்கு நோயாளிகளை ஏற்றிவரும் படகு, அன்று யாரையும் ஏற்றாமல் காலியாகக் கிளம்பி வந்தது. மாண்புமிகுக்கள் ஏறப்போகும் படகில் அதற்கு முன் கண்டவர்கள் உட்காரக்கூடாது என்பது பாதுகாப்பு ஏற்பாடு. ஒன்பது பேர், அவர்களுடைய உதவியாளர்கள், வாத்தியக் குழு, முழுப் பன்றிகள் இரண்டு எல்லாம் அதில் ஏறின. டயாலிசிஸ் நோயாளிகள் விழாவில் கலந்துகொண்டு சிறப்பித்துவிட்டு மத்தியானப் படகில் போகலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

தத்தாய் அபுண்டியோ மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஆஸ்பத்திரிப் பையோடு உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமையும் காற்று என்று படகு போயிருக்கவில்லை. செருப்பில் கால் நுழையவில்லை. செருப்பைப் பைக்குள் வைத்திருந்தார். சாந்தோ மேடையிலிருந்து பார்த்தான். கிழவரின் உதடு நீலமாக இருந்தது. வெளியே தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்துகொண்டிருந்தன.

முதலில் பாதிரியார் வந்து மந்திரித்தார். கட்டங்கள் தனித்தனியாக உருளக்கூடியவை என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டதால், ஒரே ஆசீர்வாதம் எல்லாக் கட்டத்துக்கும் பரவுமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லேப்டாப்பின் மேல் ஒன்பது தடவை புனித நீர் தெளித்தார். சாந்தோ தன் மழைக்கோட்டை அதன் மேல் போர்த்தி, வெள்ளத்தில் குழந்தையைத் தூக்கிப் போகிறவன் மாதிரி அணைத்துக்கொண்டு நின்றான். பிறகு ஒன்பது ரிப்பன்கள், ஒன்பது கத்திரிக்கோல்கள்.

அப்புறம் அட்டர்னி விவென்சியா மைக்கில் வந்து நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஒன்றை அறிவித்தார். காகிதமில்லா நிர்வாகத்தின் முதல் படியாக, மாண்புமிகு உறுப்பினர்கள் ஒன்பது பேரும் தத்தம் வாழ்த்துரையை வெப்சைட்டிலிருந்தே, திரையைப் பார்த்து வாசிப்பார்கள். முதலில் சேர்மன்.

 அதே நேரம் ஜோவிதா சாந்தோவுக்குப் போனில் செய்தி அனுப்பினாள்: புயல் திசை திரும்பிவிட்டது, காவல்படை இப்போதுதான் சொன்னது, ஏற்றிவிட்டேன். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் பெரிய திரையில் சேர்மனின் முகமும், முகத்துக்குக் கீழே உரையும் வந்துவிட்டன.

சேர்மன் கண்ணாடியைச் சரிசெய்தார். இடது கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

"ஹுலோபனின் அன்பான மக்களே!"

உதவியாளர்கள் கைதட்டினார்கள். வரிக்கு ஒரு தடவை தட்டுவது அவர்கள் வேலை.

"புயல் நெருங்குவதால்," என்றார் சேர்மன். குரல் நடுங்கியது. "இன்று மத்தியானப் படகும் மாலைப் படகும் ரத்து."

கைதட்டல். எஞ்சினியர் குவாட்ராடோ பலமாகத் தலையாட்டினார்.

"கடைசிப் படகு," சேர்மன் கையை ஓங்கினார், "பத்தரை மணிக்குத் துறையை விட்டுக் கிளம்பும். அதன் பிறகு மறு அறிவிப்பு வரும்வரை எந்தப் படகும் கிடையாது!"

 முந்நூறு நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. கூட்டம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பொதுவாழ்வில் சேர்மன் பால்தோவினோவுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது எல்லோருடைய முதுகும் தெரிந்தது. ஜனங்கள் தன் உரையின் கனம் தாங்காமல் வெளியே போய் அழப்போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போனார். அடுத்த பத்தி துறையின் கழிப்பறை பற்றியது.

தத்தாய் அபுண்டியோவும் எழ முயன்றார், கால் ஒத்துழைக்கவில்லை. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. மேடையோரம் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துக் கையை ஆட்டினார். "கேட்டியா தோங்? சேர்மனே சொல்லிட்டாரு. வந்து என்னைத் தூக்கு."

சாந்தோவின் கையில் மௌஸ் இருந்தது. அவன் உருட்டினால்தான் உரை நகரும். உரை நகர்ந்தால்தான் டிசம்பர். மணி பத்து. அவன் மௌஸைக் கொண்டுபோய் அட்டர்னி விவென்சியாவின் கையில் வைத்தான்.

"மேடம், இத மெதுவா உருட்டிக்கிட்டே இருங்க. வேற யாருகிட்டயும் குடுத்துராதீங்க, பெரிய பொறுப்பு."

பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அட்டர்னி நிமிர்ந்து உட்கார்ந்தார். சாந்தோ மேடையிலிருந்து குதித்து, மாமனாரை முதுகில் ஏற்றிக்கொண்டு, துறையைப் பார்த்து ஓடினான். பின்னால் எஞ்சினியரின் குரல் கேட்டது: "கடைசிப் படகு பத்தரை மணிக்கு..." கொஞ்ச தூரம் போனதும், அவரைவிடச் சத்தமாக டாக்டர் ஹெர்மோவின் குரல்: "கடைசிப் படகு பத்தரை மணிக்கு..." ஒன்பது பேரும் ஓட்டு வரிசைப்படி வாசித்தார்கள். நிகழ்ச்சிநிரலில் இருப்பதை முடிக்காமல் எழுந்து போவது ஆணையத்தின் மரபில் இல்லை. ஒருவர் வாசிக்கும்போது மற்ற எட்டுப் பேரும் கண்ணை மூடி ரசித்தார்கள். யாராவது ஒருவர் காதைத் திறந்திருந்தால் போதும், திறக்கவில்லை. வாத்தியக் குழுகூட இரண்டாவது உரையிலேயே முரசைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

பிறகு பன்றி வெட்டினார்கள். முந்நூறு பேருக்கானதை ஒன்பது பேரும் உதவியாளர்களும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு ஏப்பம் விட்டுத் துறைக்கு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தத்தாய் அபுண்டியோவின் கையில் மாட்டிய குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. உதட்டில் நிறம் திரும்ப ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் லூமெங் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். தன் சேவல்களுக்கு யார் தீனி வைப்பார்கள் என்று அவர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். சாந்தோவின் போன் அடித்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவே சேர்மனின் குரல்.

"சாந்தோ, படகு எங்கடா?"

"போயிருச்சு சார். பத்தரைக்கே."

"எவன்கிட்டயும் சொல்லாம எப்படிப் போச்சு?"

"சொன்னாங்க சார்."

"யார் சொன்னா?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. மைக்ல."

 மறுமுனையில் சேர்மன் யாரிடமோ ஏதோ கேட்பதும், அட்டர்னி விவென்சியா ஏதோ சொல்வதும் மங்கலாக விழுந்தன. சாந்தோவை வேலையைவிட்டு எடுக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் சேர்மன் தான் வாசிப்பது இன்னதென்று அறியாமல் வாசித்தார் என்று எழுத வேண்டும். அட்டர்னி படித்தவர், அது அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. சேர்மனின் குரல் திரும்பி வந்தபோது பாதியாகியிருந்தது.

"சரி, அடுத்த படகு எப்ப?"

"உங்க வாழ்த்துரையில வரும் சார். மேலயே இருக்கும். அடிக்கடி பாத்துக்குங்க."

அதற்குப் பிறகு நடந்ததைத் துறையின் காவல்காரன்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்த பயணிகள் கொட்டகையில், மாண்புமிகு பால்தோவினோ போனைத் திறந்தாராம். திரை முழுக்க அவரே சிரித்துக்கொண்டிருந்தாராம். கீழே விரலை வைத்துத் தன் உரையைத் தானே முதல் தடவையாகப் படிக்க ஆரம்பித்தாராம். எஞ்சினியரும் டாக்டரும் மற்ற ஆறு பேரும், யாருக்கு எத்தனை ஓட்டு என்ற பேச்சே இல்லாமல், அவர் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிக் கூடவே படித்தார்களாம். கையை எடுக்காமல் மெதுவாக உருட்டும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டாராம் எஞ்சினியர்.